தொடாமலேயே எரிக்கும் மின்சாரம்: மூலமட்டம் முதல் கஞ்சிக்கோடு வரை தொழிலாளர்கள் அறிய வேண்டிய 'ஆர்க் ஃபிளாஷ்' அபாயம்

இடுக்கி/பாலக்காடு (கேரளா): இடுக்கி மாவட்டம் மூலமட்டத்தில், மலையைக் குடைந்து அமைக்கப்பட்டுள்ள நிலத்தடி நீர்மின் நிலையத்தில் 2011ஆம் ஆண்டு ஜூன் மாதம் வெடிப்பு ஒன்று நிகழ்ந்தது. அப்போது பணியில் இருந்த பொறியியல் பிரிவு ஊழியர்கள் இருவர் கடும் தீக்காயங்களுடன் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, சிகிச்சை பலனின்றி உயிரிழந்தனர்.

மின் நிலையத்தில் பணிபுரிபவருக்கு ஆபத்து என்றால், மின்சாரம் உடலில் பாய்வது மட்டுமே பலரின் நினைவுக்கு வருகிறது. தீக்காயம் அந்த நினைவில் இடம்பெறுவதில்லை. உண்மையில், உயர் மின்னோட்டம் கையாளப்படும் இடங்களில் ஒருவர் எந்தக் கம்பியையும் தொடாமல், சில அடி தூரத்தில் நின்றிருந்தபோதும் எரிந்து உயிரிழக்க நேரிடும். 'ஆர்க் ஃபிளாஷ்' எனப்படும் மின்வில் வெடிப்பே இதற்குக் காரணம். விபத்துச் செய்திகளில் இவை அனைத்தும் 'மின்கசிவு' என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. அச்சொல் இங்குச் சற்றும் பொருந்தாது. இங்கு மின்சாரம் கசிவதில்லை, காற்றைக் கிழித்துக்கொண்டு பாய்கிறது.

மின்வில் என்பது என்ன?

சாதாரண நிலையில் காற்று மின்சாரத்தைக் கடத்தாது. இரு மின்கடத்திகளுக்கு இடையே, அல்லது மின்கடத்திக்கும் பூமி இணைப்புக்கும் இடையே உள்ள காற்று ஏதேனும் ஒரு காரணத்தால் அயனியாகும்போது, அதுவே கடத்தியாக மாறிவிடுகிறது. ஆர்க் வெல்டிங் பட்டறையில் கண்ணைக் கூசச் செய்யும் அதே நீல ஒளிதான் இது. வெல்டிங்கில் சில நூறு ஆம்பியருக்குள் கட்டுப்படுத்தப்பட்டிருக்கும் அந்த வில், மின் நிலைய பேனலுக்குள் பல ஆயிரம் ஆம்பியர் மின்னோட்டத்துடன் கட்டுக்கடங்காமல் எரிகிறது.

வில்லின் மையத்தில் வெப்பநிலை ஏறத்தாழ 19,000 டிகிரி செல்சியஸை எட்டக்கூடும். சூரியனின் மேற்பரப்பு வெப்பநிலை சுமார் 5,500 டிகிரி மட்டுமே. இந்த வெப்பத்தில் பஸ்பாரில் உள்ள தாமிரம் உருகுவதோடு நிற்காமல் ஆவியாகிறது. திட நிலையில் இருந்து ஆவியாகும் தாமிரம் ஏறத்தாழ 67,000 மடங்கு விரிவடைவதாகக் கணக்கிடப்பட்டுள்ளது. அந்த விரிவுதான் வெடிச்சத்தமாகவும், பேனல் கதவைப் பெயர்த்து எறியும் அழுத்தமாகவும் வெளிப்படுகிறது. உருகிய உலோகத் துளிகள், புற ஊதாக் கதிர், செவிப்பறையைக் கிழிக்கும் ஒலி, நுரையீரலுக்குள் புகும் சூடான உலோகப் புகை ஆகிய அனைத்தும் ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் நிகழ்ந்து முடிகின்றன.

இந்த அபாயம் குறித்த முறையான ஆய்வு உலக அளவிலும் தாமதமாகவே தொடங்கியது. அமெரிக்கப் பொறியாளர் ரால்ஃப் லீ 1982ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வுக் கட்டுரைதான், மின்னதிர்ச்சிக்கு அப்பால் மின்வில் தீக்காயம் என்ற தனி ஆபத்து உள்ளது என்பதைக் கணக்கீட்டுடன் எடுத்துரைத்தது. அவ்வகையில் ஐ.இ.இ.இ. 1584 என்ற கணக்கீட்டு வழிகாட்டி 2002இல் வெளியாகி, 2018இல் திருத்தப்பட்டது. மூலமட்டம் மின் நிலையம் 1976ஆம் ஆண்டு பிப்ரவரியில் அப்போதைய பிரதமர் இந்திரா காந்தியால் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அதாவது, இந்த ஆபத்தைக் கணக்கிடும் வழிமுறை உருவாவதற்கு முன்பே இயங்கத் தொடங்கிய நிலையம் அது. நாட்டின் பழைய மின் நிலையங்கள் பலவற்றுக்கும் இது பொருந்தும்.

உயிரைத் தீர்மானிப்பது நேரம்

மூலமட்டத்தில் தலா 130 மெகாவாட் திறன் கொண்ட ஆறு இயந்திரங்கள், மொத்தம் 780 மெகாவாட் மின்சாரத்தை உற்பத்தி செய்யும் திறன் பெற்றவை. 11 கிலோவோல்ட் அழுத்தத்தில் உற்பத்தியாகும் மின்சாரம் 220 கிலோவோல்ட்டாக உயர்த்தப்பட்டு வெளியே அனுப்பப்படுகிறது. அதில் ஒரு தடம் எல்லையைக் கடந்து தமிழகத்தின் உடுமலைப்பேட்டையை அடைகிறது. ஓர் இயந்திரம் முழுத் திறனில் இயங்கும்போது அதன் 11 கிலோவோல்ட் இணைப்பில் ஏறத்தாழ 7,000 ஆம்பியர் ஓடும். குறுக்குச்சுற்று ஏற்பட்டால் அது பல மடங்காகும்.

இத்தகைய மின்வில்லின் தாக்கத்தை, தோலின் ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பில் எத்தனை கலோரி வெப்பம் விழுகிறது என்ற அளவில் கணக்கிடுகின்றனர். 1.2 கலோரி விழுந்தாலே தோல் கொப்புளிக்கும் இரண்டாம் நிலைத் தீக்காயம் தொடங்கிவிடும். ஒரு கிராம் நீரை ஒரு டிகிரி சூடாக்கும் வெப்பமே ஒரு கலோரி என்பதை நினைத்தால் இது அற்பமாகத் தோன்றும். ஆனால் கண் இமைக்கும் நேரத்தில் அது தோலின் மீது கொட்டப்படுகிறது என்பதே வேறுபாடு.

தொழிலாளி மீது விழும் வெப்பம், வில் எரியும் நேரத்துக்கு நேர் விகிதத்தில் கூடுகிறது. ரிலே பிழையை உணர்ந்து பிரேக்கரைத் திறக்க 0.1 நொடி ஆகிறது என்றும், அப்போது 4 கலோரி வெப்பம் விழுகிறது என்றும் கொள்வோம். அதே பிரேக்கர் ஒரு நொடி தாமதித்தால் விழுவது 40 கலோரி. முதலாவதில் இருந்து இலகுவான தீத்தடுப்பு உடையே காப்பாற்றும். இரண்டாவதற்குத் தலை முதல் கால் வரை மூடும் கனத்த கவச உடை தேவை.

மின் தடையின் பரப்பைக் குறைப்பதற்காக, கீழ்நிலை பிரேக்கர் முதலில் திறக்கட்டும் என்று மேல்நிலை ரிலேக்களுக்கு 0.3 அல்லது 0.4 நொடி கூடுதல் தாமதம் வைப்பது வழக்கம். மின் விநியோகத்துக்கு நன்மை தரும் இந்தத் தாமதம், பேனல் முன்பு நிற்பவருக்குத் தீமையாகிறது. எனவே பராமரிப்புப் பணி நடைபெறும் நேரத்தில் மட்டும் ரிலேயின் தாமதத்தை நீக்கி வைக்கும் முறை பல நாடுகளில் பின்பற்றப்படுகிறது. பேனலுக்குள் ஒளி உணரிகளைப் பொருத்தி, வில்லின் வெளிச்சத்தைக் கண்டவுடன் சில மில்லி நொடிகளில் துண்டிப்பு ஆணை அனுப்பும் ரிலேக்களும் சந்தையில் உள்ளன. பழைய பேனல்களிலும் இவற்றைப் பொருத்த முடியும்.

ஸ்ரீசைலம் விபத்து

எத்தகைய ரிலேயாக இருந்தாலும், பிரேக்கரைத் திறக்க அதற்கு நேர் மின்னோட்டம் தேவை. அதை வழங்குவது தனி அறையில் வைக்கப்பட்டுள்ள பேட்டரி தொகுப்பு. அது செயலிழந்தால், பிழை நேர்ந்ததை ரிலே அறிந்தாலும் பிரேக்கர் அசையாது.

தெலங்கானாவின் ஸ்ரீசைலம் இடதுகரை நிலத்தடி நீர்மின் நிலையத்தில் 2020 ஆகஸ்ட் 20ஆம் தேதி இரவு ஏற்பட்ட தீ விபத்தில் ஒன்பது பேர் உயிரிழந்தனர். அவர்களில் இருவர் பேட்டரி நிறுவனத்தின் ஊழியர்கள். அந்த நேரத்தில் பேட்டரி தொகுப்பை மாற்றும் பணி நடைபெற்று வந்தது. நேர் மின்னோட்டம் தடைபட்டதால் பாதுகாப்புச் சாதனங்கள் செயல்படாமல் போனதாக விபத்துக்குப் பின்னர் கூறப்பட்டது. 900 மெகாவாட் திறன் கொண்ட அந்த நிலையமும் மூலமட்டத்தைப் போலவே பாறைக்குள் அமைந்தது. சுரங்கப்பாதை வழியாகவே வெளியேற வேண்டிய இடத்தில் விளக்குகள் அணைந்து புகை சூழ்ந்தால், தீயில் இருந்து தப்பியவருக்கும் வழி தெரியாது. நிலத்தடி மின் நிலையங்களில் அவசர விளக்கும், புகை வெளியேற்றும் விசிறியும், சுவாசக் கருவியும் மின்வில் பாதுகாப்பின் பகுதியாகவே கருதப்பட வேண்டும் என்பதற்கு அந்த இரவே சான்று.

கஞ்சிக்கோட்டின் தூசி, இடுக்கியின் ஈரம்

மின்வில் அபாயம் பெரிய மின் நிலையங்களுக்கு மட்டும் உரியதன்று. வாளையார் எல்லைக்கும் பாலக்காடு நகரத்துக்கும் இடையே தேசிய நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்துள்ள கஞ்சிக்கோடு, கேரளத்தின் முக்கியத் தொழிற்பகுதிகளில் ஒன்று. இரும்புக் கழிவை உருக்கும் தூண்டல் உலைகள் இங்கு இயங்குகின்றன. மின்சாரத்தை மூலப்பொருள் போல நுகரும் இத்தொழிலில், மின்மாற்றியும் பஸ்பாரும் மின்தேக்கித் தொகுப்பும் உலைக்கு அருகிலேயே இருக்கும். உருக்காலையில் பறக்கும் இரும்புத் தூசி மின்சாரத்தைக் கடத்தக்கூடியது. பேனலுக்குள் அது படிந்தால் வில் தோன்றுவதற்கான பாதை தயாராகிவிடும். மின்தேக்கியோ, மின்சாரத்தைத் துண்டித்த பின்னரும் மின்னூட்டத்தைத் தேக்கி வைத்திருக்கும். சுவிட்சை அணைத்துவிட்டோம் என்ற நம்பிக்கையில் கை வைப்பவருக்கு அது கண்ணி.

இடுக்கியில் பிரச்னை வேறு. நீண்ட பருவமழையும், சுரங்கத்தின் குளிர்ந்த ஈரக்காற்றும் மின்காப்புப் பொருள்களின் மேல் நீர்த்திவலைகளை உருவாக்குகின்றன. இவற்றோடு பேனலுக்குள் நுழையும் பல்லி, எலி, பாம்பு, தளர்ந்த போல்ட், கைதவறி விழும் ஸ்பேனர் ஆகியவையும் வில்லைத் தொடங்கி வைக்கக்கூடும். மின்சாரம் இருக்கும் நிலையில் பிரேக்கரை அதன் அறைக்குள் தள்ளுவதும் வெளியே இழுப்பதும்தான் மிக ஆபத்தான தருணங்களில் ஒன்று. கதவை மூடிய நிலையில் அல்லது தொலைவில் இருந்து இயக்கும் கருவி மூலம் இதைச் செய்வது நல்லது. தூரம் கூடக் கூட வெப்பம் விரைவாகக் குறையும் என்பதால், இரண்டு அடி பின்னால் நிற்பதுகூடப் பலன் தரும்.

ரப்பர் கையுறை போதுமா?

போதாது. ரப்பர் கையுறையும், பேனல் முன் விரிக்கப்படும் ரப்பர் பாயும் மின்னதிர்ச்சியைத் தடுப்பவை. வில்லின் வெப்பத்தைத் தடுக்க அவை உருவாக்கப்படவில்லை. பாலியஸ்டர், நைலான் கலந்த சாதாரணச் சீருடை இன்னும் மோசம், அது உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். பருத்தி உருகாது எனினும் பெரும் வெப்பத்தில் தீப்பிடிக்கும். அமெரிக்காவின் என்.எஃப்.பி.ஏ. 70இ தரநிலை, மின்வில் தடுப்பு உடைகளை 4, 8, 25, 40 கலோரி என நான்கு வகைகளாகப் பிரிக்கிறது. எந்தப் பேனலுக்கு எந்த உடை என்பதைக் கணக்கிட்டு, அந்தப் பேனலின் கதவிலேயே எழுதி ஒட்டுவது அங்கு நடைமுறை.

இங்கு ஒரு நடைமுறைச் சிக்கலையும் சொல்லியாக வேண்டும். கோடையில் 40 டிகிரியைத் தொடும் பாலக்காட்டில், உலையின் அருகே, 40 கலோரி கவச உடையை அணிந்து ஒருவர் அரை மணி நேரம் நிற்பது எளிதல்ல. கழற்றி வைத்துவிட்டு வேலை பார்ப்பவரை அலட்சியக்காரர் என்று குற்றம் சாட்டுவதைவிட, அந்த உடையே தேவைப்படாத அளவுக்கு மின்சாரத்தை முழுமையாகத் துண்டித்து வேலை தருவதே நிர்வாகத்தின் கடமை. உடை கடைசி அரண்தான்.

'லைன் க்ளியர்' கிடைத்த பிறகும்

பணியாளர்களின் பேச்சு வழக்கில் 'லைன் க்ளியர்' எனப்படும் பணி அனுமதி கிடைத்துவிட்டாலே பாதுகாப்பு உறுதி என்று கருதுவோர் உண்டு. அது ஒரு கட்டம் மட்டுமே. மின்சாரம் வரும் எல்லா வழிகளையும் துண்டித்து, பிரேக்கருக்குப் பூட்டுப் போட்டு, சாவியை வேலை செய்பவரே வைத்திருக்க வேண்டும். பின்னர் உரிய மின்னழுத்தத்துக்கான சோதனைக் கருவியால் மின்சாரம் இல்லை என்பதை உறுதி செய்து, எர்த் இணைக்க வேண்டும். அதுவரை மின்சாரம் இருப்பதாகவே கருத வேண்டும். சோதனை செய்யும் அந்த நிமிடத்திலும் கவச உடை அவசியம்.

மத்திய மின்சார ஆணையத்தின் 2010ஆம் ஆண்டு பாதுகாப்பு ஒழுங்குமுறைகள், மின்தடத்தில் பணிபுரிவோருக்குக் கையுறை, ரப்பர் காலணி, தலைக்கவசம், எர்த் கருவி, சோதனைக் கருவி முதலியவற்றை வழங்க வேண்டும் என்றும், அங்கீகாரம் பெறாத எவரும் மின்சாரம் உள்ள தடத்தில் வேலை செய்யக் கூடாது என்றும் கூறின. அவற்றுக்குப் பதிலாகப் புதிய ஒழுங்குமுறைகள் 2023இல் அறிவிக்கப்பட்டன. விபத்து நேர்ந்தால் மின் ஆய்வாளருக்குத் தகவல் தெரிவிக்க வேண்டும் என்பது 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 161ஆவது பிரிவு. ஒப்பந்தத் தொழிலாளி காயமடைந்தாலும் இது பொருந்தும்.

அதே 2010 ஒழுங்குமுறைகளில், 250 வோல்ட்டுக்கு மேற்பட்ட நிலையங்களில் மண்டை ஓட்டுக் குறியுடன் கூடிய அபாய அறிவிப்பை இந்தி அல்லது ஆங்கிலத்திலும், மாவட்டத்தின் வட்டார மொழியிலும் வைக்க வேண்டும் என்ற விதி இருந்தது. பாலக்காட்டின் சித்தூர், இடுக்கியின் தேவிகுளம், பீர்மேடு போன்ற வட்டங்களில் தமிழ் பேசுவோர் பெருமளவில் வாழ்கின்றனர். தொழிற்சாலைகளில் வட மாநிலத் தொழிலாளர்களும் உள்ளனர். மலையாளப் பலகை வைத்தால் விதி நிறைவேறிவிடும், ஆனால் அதன் எதிரே நிற்பவருக்கு அது வெறும் கோடுகளாக இருக்கக்கூடும். தமிழிலும் ஒரு வரி சேர்ப்பதற்கு எந்த விதியும் தடையில்லை.

தீக்காயம் ஏற்பட்டால்

மின்சாரம் துண்டிக்கப்பட்டதை உறுதி செய்யாமல் காயமடைந்தவரை நெருங்கக் கூடாது. உடையில் தீ இருந்தால் அணைத்து, காயத்தின் மீது சாதாரண குளிர்ந்த நீரைச் சுமார் 20 நிமிடங்கள் ஊற்ற வேண்டும். கைக்கடிகாரம், மோதிரம் போன்றவற்றை வீக்கம் தொடங்கும் முன் கழற்ற வேண்டும். தோலில் ஒட்டிய துணியைப் பிய்க்கக் கூடாது. பேனா மை, பற்பசை, நெய், மஞ்சள் எதுவும் பூச வேண்டாம். குரல் கம்முதல், முகத்தில் கரி படிதல் ஆகியவை சூடான புகை மூச்சுக்குழலுக்குள் சென்றதற்கான அறிகுறிகள். அத்தகையவர் பேசிக்கொண்டும் நடந்துகொண்டும் இருந்தாலும், சிறிது நேரத்தில் மூச்சுக்குழல் வீங்கி அடைத்துக்கொள்ளக்கூடும். மூலமட்டத்தில் இருந்து தொடுபுழாவை அடையவே சுமார் 20 கிலோமீட்டர் பயணிக்க வேண்டும் என்ற நிலையில், எந்த மருத்துவமனையில் தீக்காயச் சிகிச்சைப் பிரிவு உள்ளது, ஆம்புலன்ஸ் எங்கிருந்து வரும் என்பவை ஒவ்வொரு பணிக்கும் முன்னர் அனுமதிப் படிவத்திலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும்.