பானெட்டுக்குள் குடிபுகும் வின்ச் பெட்டி!

செகந்திராபாத் ராணிகஞ்ச் என்றதும் மோட்டார் உதிரி பாகங்கள் நினைவுக்கு வருவது இந்நகரத் தமிழர்களுக்குப் புதிதல்ல. நட்டு போல்ட்டு முதல் கியர் பெட்டி வரை தேடி வருவோர் கூட்டம் அங்கே என்றும் உண்டு. ராணுவ முகாம் உள்ள ஊராகையால் ஜீப் வண்டியும் இவ்வூருக்குப் பழைய உறவு. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் விகாராபாத், அனந்தகிரி மலைப் பக்கம் மண் பாதை தேடிப் போகும் ஜீப், தார் வண்டிகள் சிலவற்றின் முன் பம்பரில் ஒரு கருவியைக் காணலாம். அதுதான் வின்ச்.

கரிசல் மண் நனைந்தால் என்ன ஆகும் என்று நம் ஊர் விவசாயிக்குச் சொல்ல வேண்டியதில்லை. நான்கு சக்கரமும் சுற்றும், வண்டி மட்டும் நகராது. அந்நேரம் வின்ச்சின் வடத்தை இழுத்துச் சென்று, எதிரே உள்ள மரத்தில் பட்டை கட்டி, கொக்கியை மாட்டி, ஸ்விட்சை அழுத்தினால் வண்டி தன்னைத் தானே இழுத்துக்கொண்டு கரையேறும். பாட்டரியில் ஓடும் இந்த வின்ச்சைப் பொழுதுபோக்கு ஜீப்களுக்கென்று 1959-ல் விற்பனைக்குக் கொண்டு வந்தது அமெரிக்காவின் வார்ன் கம்பெனி. அக்கம்பெனி 1974-ல் வெளியிட்ட 8,000 பவுண்டு, அதாவது சுமார் 3,630 கிலோ இழுக்கும் மாடல் இன்றளவும் பேசப்படுகிறது.

வின்ச்சில் மோட்டார், பல்சக்கரம், வடம் சுற்றும் உருளை ஆகியவற்றுடன் ஒரு சிறு பெட்டியும் உண்டு. பெரிய மின்சாரத்தை முன்னுக்கும் பின்னுக்கும் திருப்பிவிடும் ஸொலினாய்டுகள் அதற்குள்தான் இருக்கின்றன. பெரும்பாலான வின்ச்சுகளில் இப்பெட்டி மோட்டாருக்கு மேலேயே உட்கார்ந்து வரும். அங்கே இருந்தால் வெயில், சேறு, மழை எல்லாம் அதன் தலையில்தான் முதலில் விழும். ஓடையில் இறங்கினால் முதலில் முழுகுவதும் அதுவே. போதாததற்கு ரேடியேட்டருக்குப் போகும் காற்றையும் மறைக்கிறது. ஹைதராபாத் மே மாத வெயிலில் அது சின்ன விஷயமல்ல.

ஆகவேதான் பெட்டியைக் கழற்றி பானெட்டுக்குள் பாட்டரி அருகே கொண்டு போகும் வேலை பட்டறைகளுக்கு வருகிறது. பார்ப்பதற்கு எளிது. நான்கு நட்டைக் கழற்று, இரண்டு துளை போடு, கேபிளை நீட்டு, முடிந்தது என்று தோன்றும். கஷ்டம் கேபிளை நீட்டும் இடத்தில்தான் ஆரம்பமாகிறது.

மூன்று கேபிள் கணக்கு

முழுப் பாரம் இழுக்கும்போது பெரிய வின்ச் ஒன்று 400 ஆம்பியர் வரை குடிக்கும். வண்டியின் இரண்டு ஹெட்லைட்டும் சேர்ந்து எரிய 10 ஆம்பியர் போதும் என்பதை நினைத்தால் இதன் அளவு புரியும். பெட்டி வின்ச் மேல் இருந்தவரை பாட்டரியிலிருந்து முன்னே வருவது ஒரு பிளஸ் கேபிள், ஒரு மைனஸ் கேபிள், இவ்வளவே. பெட்டி பாட்டரி அருகே போய்விட்டால், அந்த ஒரு பிளஸ் கேபிளுக்குப் பதிலாகப் பெட்டிக்கும் மோட்டாருக்கும் இடையே மூன்று கேபிள் ஓட வேண்டும். ஃபீல்டு சுருளின் இரு முனைக்கு இரண்டு, ஆர்மேச்சருக்கு ஒன்று. மோட்டாரின் அமைப்பு காரணமாக அதே 400 ஆம்பியர் ஒரு கேபிளில் போய், மறு கேபிளில் திரும்பி, மூன்றாவதில் மீண்டும் போகிறது. (நிரந்தரக் காந்தம் வைத்த மோட்டாரானால் இரண்டு கேபிள் போதும்.)

35 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிளில் 400 ஆம்பியர் ஓடினால் மீட்டருக்கு 0.2 வோல்ட் வீணாகும். பாட்டரிக்கும் வின்ச்சுக்கும் ஒன்றரை மீட்டர் தூரம் என்று வைத்துக்கொள்வோம். முன்பு போக வர 3 மீட்டர், 0.6 வோல்ட் நஷ்டம். இப்போது மூன்று கேபிளும் மைனஸும் சேர்த்து 6 மீட்டர், 1.2 வோல்ட் நஷ்டம். பன்னிரண்டில் பத்தில் ஒரு பங்கு கேபிளைச் சூடாக்கவே போய்விடுகிறது! 50 சதுர மில்லிமீட்டர் கேபிள் போட்டால் நஷ்டம் 0.84 வோல்ட்டாகக் குறையும். வண்டிச் சொந்தக்காரர் விலையைக் கேட்டு முகம் சுளித்தாலும், விவரம் தெரிந்த ஆட்டோ எலக்ட்ரீஷியன் இவ்விடத்தில் விட்டுக்கொடுப்பதில்லை.

கேபிள் முனையில் லக்கைச் சுத்தியலால் தட்டி, ஈயம் ஊற்றி முடிக்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. வெள்ளீயமும் காரீயமும் கலந்த பற்றுப்பொடி 183 டிகிரியிலேயே இளகத் தொடங்கும். தளர்ந்த இணைப்பு 400 ஆம்பியரில் அந்தச் சூட்டை எட்ட நேரமாகாது. ஹைட்ராலிக் கருவியால் லக்கை இறுக்கிப் பிடித்து, மேலே ரப்பர் உறை போடுவதே முறை. தகட்டில் துளைத்த ஓட்டையில் ரப்பர் வளையம் வைக்காமல் கேபிளை நுழைத்தால், வண்டி குலுங்கக் குலுங்கத் தகட்டின் விளிம்பு உறையை அறுத்து, ஒரு நாள் செம்பு பாடியைத் தொடும். இந்த லைனில் ஃப்யூஸ் வைப்பது பெரும்பாலும் வழக்கமில்லை. நல்ல பாட்டரி ஷார்ட் ஆனால் ஆயிரம் ஆம்பியருக்கு மேல் கொட்டும். பானெட்டுக்குள் டீசல் குழாயும் இருக்கிறதல்லவா?

இடம் தேர்வு செய்வதிலும் நிதானம் தேவை. புகைக் குழாயும் டர்போவும் உள்ள பக்கம் ஆகாது. பாட்டரிக்கு நேர் மேலேயும் ஆகாது. சார்ஜ் ஏறும் பாட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு கிளம்பும். ஸொலினாய்டு உள்ளே பொறி பறக்கும். இரண்டையும் அடுத்தடுத்து வைப்பது அடுப்பங்கரையில் மண்ணெண்ணெய் டின் வைப்பது போலத்தான்.

கை எடுத்தும் நிற்காத மோட்டார்

இந்த வேலையில் கையை இழந்துவிடும் ஆபத்து ஒன்று உண்டு. இழுத்து இழுத்து பாட்டரி தளர்ந்தால் ஸொலினாய்டின் சுருளுக்கு இறுக்கிப் பிடிக்கப் பலம் இராது. தொடுமுனை துடிக்கும், பொறி பறக்கும், சில சமயம் ஒன்றோடொன்று உருகி ஒட்டிக்கொள்ளும். அதன் பின் ஸ்விட்சிலிருந்து விரலை எடுத்தாலும் மோட்டார் நிற்காது. வடத்தைக் கையால் வழிகாட்டிக்கொண்டிருப்பவரின் விரலை உருளை இழுத்துக்கொள்ளும். பெட்டி வின்ச் மேல் இருந்தபோது அவசரத்துக்கு ஒருவர் கேபிளையாவது பிடுங்கப் பார்ப்பார். பெட்டி பானெட்டுக்குள் போய்விட்டாலோ, பானெட்டும் மூடியிருக்கும்.

எனவே பாட்டரியின் பிளஸ் முனையிலிருந்து பெட்டிக்குப் போகும் வழியில் கனமான கட்-ஆஃப் ஸ்விட்ச் ஒன்று அவசியம். அதன் பிடி வெளியிலிருந்தோ, டிரைவர் ஆசனத்திலிருந்தோ கைக்கு எட்ட வேண்டும். பானெட்டைத் திறந்து திருப்பும் இடத்தில் அதை வைத்துவிட்டு வேலை முடிந்தது என்று சாவியைக் கொடுப்பவர்களும் இல்லாமலில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

வண்டியின் பதிவுச் சான்றில் உள்ள விவரம் மாறும்படி, தயாரிப்பாளர் தந்த அமைப்பைத் திருத்தக் கூடாது என்று சுப்ரீம் கோர்ட் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்தது. அதற்கு முன்பே 2017 டிசம்பரில் மத்திய போக்குவரத்து அமைச்சகம், முன்னால் நீட்டி மாட்டும் இரும்புத் தடுப்புகளுக்கு எதிராக மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது. 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்தில், அனுமதியின்றி வண்டியை மாற்றும் சொந்தக்காரருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ. 5,000 அபராதம், அல்லது இரண்டும் என்று இருக்கிறது. பெட்டி பானெட்டுக்குள் ஒளிந்தாலும் வின்ச் தாங்கும் இரும்பு பம்பர் வெளியே தெரிகிறது. வேலையை ஒப்புக்கொள்ளுமுன் ஆர்.டி.ஏ. அலுவலகத்தில் கேட்டு வரும்படி வாடிக்கையாளரிடம் சொல்வது பட்டறைக்காரருக்கும் பாதுகாப்பு.

மழையைப் பொறுத்தவரை பானெட்டும் முழுக் காப்பு அல்ல. 2020 அக்டோபர் 13, 14 தேதிகளில் இந்நகரில் வெள்ளம் புகுந்தபோது கார்கள் தண்ணீரில் மிதந்து போனதைப் பலரும் கண்டார்கள். அவ்வளவு நீரில் பெட்டி எங்கே இருந்தாலும் ஒன்றுதான். தண்ணீரில் இறங்கி வந்த வண்டியில் வின்ச்சை இயக்குமுன் பெட்டியைத் திறந்து உலர்த்துவது நல்லது.

வேலை முடிந்ததும் ஒரு சோதனை. கொக்கியை எதிலும் மாட்டாமல், வடத்தைக் கொஞ்சம் வெளியே விட்டு, ஆட்களை விலக்கி நிறுத்தி, ரிமோட்டில் "உள்ளே" என்பதை ஒரு நொடி அழுத்த வேண்டும். உருளை வெளியே சுற்றினால் ஃபீல்டு கேபிள் இரண்டும் மாறிப் போயிருக்கின்றன. கட்-ஆஃபை அணைத்துவிட்டு மாற்றிப் பூட்ட வேண்டும். பிறகு வண்டியை மேட்டில் நிறுத்தி அரை நிமிடம் இழுத்துவிட்டு, மறுபடி கட்-ஆஃபை அணைத்து, ஒவ்வொரு லக்கின் மேலும் புறங்கையை வைத்துப் பார்க்க வேண்டும். எது மற்றதை விட அதிகம் சுடுகிறதோ, அதை அறுத்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும்.