முருகைக்கு வரும் காய்ச்சல்

"ரொக்கெட் விடுற காசில பசிச்சவனுக்குச் சோறு போடலாமே" என்று நம்மில் பலர் சொல்வதுண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் மேலே போன செய்மதிகளில் பல, நிலவையோ செவ்வாயையோ பார்ப்பதில்லை. நம்முடைய திருகோணமலைக் கடலைத்தான் பார்த்துக்கொண்டிருக்கின்றன. நான் தமிழ் படிப்பிக்கிற ஆள். எனக்கு விளங்கிய அளவில் ஒன்றைச் சொல்கிறேன்.

நிலாவெளிக் கரையிலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீற்றரில் இருக்கிறது புறாத்தீவு. 2003இல் தேசியப் பூங்காவானது. அதைச் சுற்றியுள்ள முருகையைக் கல் என்கிறோம். உண்மையில் அது சிற்றுயிர்களின் குடியிருப்பு. அவற்றின் உடலுக்குள் வாழும் நுண்ணிய அல்காக்களே வெயிலில் உணவு தயாரித்துக் கொடுக்கின்றன. நிறம் கொடுப்பவையும் பெரும்பாலும் அவையே. நீர் அளவுமீறிச் சூடானால் முருகை அவற்றை வெளியேற்றி, எலும்புபோல வெளிறிவிடும். சூடு சீக்கிரம் தணிந்தால் தேறும். நீடித்தால் பட்டினியால் மடியும். மீன்குஞ்சுக்கு ஒதுங்க இடமிராது. நட்டம் மீனவர் வலைக்கு வரும்.

இந்தச் சூட்டை அமெரிக்காவின் நோவா நிறுவனம் செய்மதி மூலம் நாள்தோறும் கணிக்கிறது. கடல் மேற்பரப்பிலிருந்து எழும் கண்ணுக்குத் தெரியாத கதிர்களை அளந்தே வெப்பநிலை அறியப்படுகிறது. ஓரிடத்தின் ஆகச் சூடான மாதச் சராசரியைவிட 1 பாகை செல்சியஸ் கூடினால் ஆபத்து. காய்ச்சல் எவ்வளவு என்பதோடு எத்தனை நாள் நின்றது என்பதும் முக்கியமல்லவா? 1 பாகை 1 வாரம் நின்றால் 1 புள்ளி. 12 வாரக் கூட்டுத்தொகை 4ஐ எட்டினால் வெளிறல், 8ஐ எட்டினால் கடும் வெளிறலும் சாவும் எதிர்பார்க்கப்படும். உலகின் நான்காவது பெரும் வெளிறல் 2024 ஏப்ரலில் அறிவிக்கப்பட்டபோதும் இந்தக் கணிப்பு பயன்பட்டது. விவரங்கள் இணையத்தில் இலவசம்.

செய்மதி காய்ச்சலைச் சொல்லும், மருந்து கொடுக்காது. கடலின் மேற்பரப்பைத்தான் அளக்கும். அடியில் நடப்பதைச் சுழியோடிப் பார்க்க வேண்டும். உலகம் சூடாவதை நாம் மட்டும் நிறுத்தவும் முடியாது. ஆனால் ஒன்று நம் கையில் இருக்கிறது. நம் கடல் ஆகச் சூடாகும் ஏப்ரல், மே மாதங்களில்தான் கிழக்குக் கடல் அமைதியாகி, புறாத்தீவுக்குப் படகுகள் நிறைந்து வரும். காய்ச்சலில் கிடப்பவனை மிதிப்பதுபோலத்தான், வெளிறிய முருகைமேல் கால் வைப்பதும் நங்கூரம் போடுவதும். எச்சரிக்கை வரும் வாரங்களிலாவது ஆட்களைக் குறைத்து, முருகைப் பக்கம் நீந்துவதைத் தவிர்த்தால், தேறுவதற்கு அதற்கொரு வாய்ப்புக் கிடைக்கும்.

கரையோரப் பாடசாலைகள் அந்தப் புள்ளியை வாரமொருமுறை அறிவித்தல் பலகையில் எழுதலாம். பிள்ளைகள் வாசித்தால் வீட்டில் சொல்வார்கள். படகோட்டும் வாப்பாவின் காதுக்கும் அது எட்டும். அமானிதமாகக் கிடைத்த கடலுக்கு இதுகூடச் செய்யாவிட்டால், வானத்திலிருந்து வரும் எச்சரிக்கையால் என்ன பயன்?