ஆங்கிலத் தொடர்களில் இணைப்புச் சொற்களும் நிறுத்தக்குறிகளும்: தமிழ் ஆய்வாளர் நோக்கில் ஒரு விளக்கம்

முன்னுரை

விழுப்புரம் மாவட்டம் வானூரில் உள்ள அரசு கல்லூரி 'அரசு கலை மற்றும் அறிவியல் கல்லூரி' என்னும் பெயரைத் தாங்கியுள்ளது. இப்பெயரில் இடம்பெறும் 'மற்றும்' என்பது ஆங்கில 'அண்ட்' என்னும் சொல்லின் நேர்பெயர்ப்பாகும். தொல்காப்பிய இடையியல் 'மற்று' என்பதற்கு வினைமாற்று, அசைநிலை என இரு பொருள்களையே கூறுகிறது. நன்னூல் 'பிறிது' என்பதையும் சேர்க்கிறது. பெயர்களை எண்ணிச் சேர்க்கும் பணியை இரு நூல்களும் 'மற்று' என்பதற்குத் தரவில்லை. அது 'உம்' முதலிய எண்ணிடைச்சொற்களுக்கு உரியது.

ஆங்கில இணைப்புச் சொல் தமிழுக்குள் புகுந்த வழி பலராலும் பேசப்பட்டுள்ளது. தமிழ்த் தொடரமைப்பு ஆங்கிலத்துக்குள் புகும் வழி அந்த அளவுக்குக் கவனிக்கப்படவில்லை. தமிழாய்விதழ்கள் பலவும் கட்டுரையுடன் ஆங்கில ஆய்வுச்சுருக்கம் ஒன்றையும் கேட்கின்றன. தமிழறியாத ஆய்வாளர் ஒருவர் அக்கட்டுரையை அணுகுவதற்கு அச்சுருக்கமே வாயில். அதில் காணப்படும் இணைப்புச் சொற்பிழைகள் பல, கவனக்குறைவால் நேர்வன அல்ல. தமிழ் வழியில் சரியாகக் கற்ற ஒன்றை ஆங்கிலத்தில் பொருத்துவதால் நேர்வன.

'தொடர்நிலை' என்னும் கலைச்சொல்

பள்ளி இலக்கணம் தொடர்களைத் தனிநிலை, தொடர்நிலை, கலவை எனப் பகுக்கிறது. இவற்றுள் தொடர்நிலைத் தொடரை ஆங்கிலக் 'காம்பவுண்ட் சென்டென்ஸ்' என்பதற்கு நிகராகக் கொள்வது வழக்கம். ஆயின் இரண்டும் ஒன்றல்ல. தமிழில் ஓர் எழுவாய் பல பயனிலைகளைக் கொண்டு முடிவது தொடர்நிலை. ஆங்கிலத்தில் தனித்தனி எழுவாயும் பயனிலையும் உடைய இரு முழுத்தொடர்கள் இணைவதே 'காம்பவுண்ட்'. ஓர் எழுவாய் இரு பயனிலை பெற்றால் அது அங்குத் தனிநிலையாகவே கருதப்படும். காற்புள்ளி இடுவதும் விடுவதும் இவ்வேறுபாட்டையே சார்ந்துள்ளன.

'ஷி விசிட்டட் திருவக்கரை அண்ட் காப்பீட் தி இன்ஸ்கிரிப்ஷன்ஸ்' என்னும் தொடரில் எழுவாய் ஒன்றே. 'அண்ட்' என்பதற்கு முன் காற்புள்ளி வேண்டுவதில்லை. 'ஷி காப்பீட் தி இன்ஸ்கிரிப்ஷன்ஸ், அண்ட் ஹெர் கைடு டேட்டட் தெம்' என்பதில் எழுவாய் இரண்டு. எனவே 'அண்ட்' என்பதற்கு முன் காற்புள்ளி வரும். இரு தொடர்களும் மிகச் சிறியனவாயின் அதை விடுவதும் உண்டு. ஃபார், அண்ட், நார், பட், ஆர், எட், சோ என்னும் ஏழு சமநிலை இணைப்புச் சொற்களும் முழுத்தொடர்களை இணைக்கும்போது இம்முறையையே தழுவும். இணைப்புச் சொல்லை மறைத்து, அதன் வலப்பக்கம் உள்ளது தன் எழுவாயுடன் தனித்து நிற்கிறதா என்று பார்ப்பதே போதிய சோதனை.

காற்புள்ளி முன்னரா, பின்னரா

ஓலைச்சுவடிகளில் இன்றைய நிறுத்தக்குறிகள் இல்லை. அச்சு உரைநடையில் அவற்றை நிலைபெறச் செய்தவர்களுள் ஆறுமுக நாவலர் (1822-1879) முதன்மையானவர். அதன்பின் வளர்ந்த மரபில் எனவே, ஆகவே, ஆனால் போன்ற சொற்களுக்குப் பின் காற்புள்ளி இடுவது பள்ளியிலேயே கற்பிக்கப்படுகிறது. தமிழில் அது ஏற்புடையதே. அப்பழக்கத்துடன் ஆங்கிலம் எழுதுவோர் 'பட்' என்பதற்குப் பின்னும் காற்புள்ளி இடுகின்றனர். ஆங்கிலத்தில் அது சொல்லுக்கு முன் வரவேண்டியது. இடைப்பிறவரல் ஒன்று தொடர்ந்தாலன்றிப் பின் வருவதில்லை.

'ஹவெவர்', 'தேர்ஃபோர்' ஆகியவற்றின் நிலை வேறு. தமிழில் 'ஆனால்', 'எனினும்' இரண்டும் ஒரே இடத்தில் நிற்பதால் 'பட்', 'ஹவெவர்' இரண்டும் ஓரினம் என்ற எண்ணம் இயல்பாக எழுகிறது. ஆங்கில இலக்கணத்தில் 'ஹவெவர்' இணைப்புச் சொல்லன்று, வினையடை. இரு முழுத்தொடர்களைப் பிணைக்கும் ஆற்றல் அதற்கில்லை. ஆகவே முதற்றொடரின் இறுதியில் முற்றுப்புள்ளியோ அரைப்புள்ளியோ இட்ட பின்னரே அது வரலாம். அதன்பின் காற்புள்ளி இடப்படும். வெனிசு நகரில் ஆல்டசு மனூசியசின் அச்சகம் அறிமுகப்படுத்திய அரைப்புள்ளிக்கு இன்றைய ஆய்வுரைநடையில் மிகுதியாக வேலை தருவது இவ்விடந்தான். ஆய்வுச்சுருக்கங்களில் 'ஹவெவர்' என்பதன் இருபுறமும் காற்புள்ளி இட்டு இரு தொடர்களை ஒட்டவைத்திருப்பது மதிப்பீட்டாளர் கண்ணில் முதலில் படும் பிழையாகும்.

இரட்டை இணைப்பு

'மழை பெய்தாலும் ஏரி நிறையவில்லை' என்னும் தொடரில் இணைப்பு, முதல் வினையின் ஈற்றில் 'ஆலும்' என நிற்கிறது; இரு பகுதிகளும் சந்திக்கும் இடம் அதுவே. ஆங்கிலத்தில் இதன் பணியைச் செய்யும் 'ஆல்தோ' தொடரின் தலைக்குச் சென்றுவிடுகிறது. நடுவிடம் வெறுமையாகிறது. தமிழ்ச்செவி அவ்வெறுமையைப் பொறுப்பதில்லை. அங்கு ஒரு 'பட்' வந்து அமர்கிறது. 'பிகாஸ்' எனத் தொடங்கிய தொடரின் நடுவில் 'சோ' வருவதற்கும் காரணம் இதுவே. ஆங்கிலம் அந்த நடுவிடத்தில் சொல்லை வைப்பதில்லை, காற்புள்ளியை வைக்கிறது: 'ஆல்தோ இட் ரெய்ன்ட், தி லேக் டிட் நாட் ஃபில்.' சார்புத்தொடர் பின்னால் வந்தால் இணைப்புச் சொல்லே நடுவில் நிற்கும். அப்போது காற்புள்ளி பெரும்பாலும் தேவையற்றது. 'தி லேக் ஃபில்ட் பிகாஸ் இட் ரெய்ன்ட்' என்பது குறியின்றியே முழுமை பெறுகிறது. முரண் உணர்த்தும் 'ஆல்தோ', 'வேர்ஆஸ்' ஆகியவை பின்னால் வரும்போது மட்டும் காற்புள்ளி இடுவோர் மிகுதி.

எண்ணுப்பொருளில் ஓர் ஐயம்

தமிழ் எண்ணும்மை ஒவ்வொரு பெயரோடும் வரும்: 'ஆசிரியர்களுக்கும் இளம்பூரணருக்கும் சேனாவரையருக்கும் நன்றி' என்பதில் குழப்பத்திற்கு இடமில்லை. ஆங்கில 'அண்ட்' இறுதிப் பெயருக்கு முன் ஒருமுறையே வருவதால், 'மை டீச்சர்ஸ், இளம்பூரணர் அண்ட் சேனாவரையர்' என எழுதும்போது அவ்வுரையாசிரியர் இருவருமே எழுதியவரின் ஆசிரியர்கள் என்னும் பொருளும் தோன்றுகிறது. 'அண்ட்' என்பதற்கு முன்னும் ஒரு காற்புள்ளி இட்டால் இம்மயக்கம் நீங்கும். ஆக்சுபோர்டு பல்கலைக்கழக அச்சகத்தின் மரபும் சிக்காகோ நடைக்கையேடும் இக்குறியை வேண்டுகின்றன. ஆங்கில நாளிதழ்கள் பல இதை விட்டுவிடுகின்றன. ஆய்வுச்சுருக்கம் எழுதுவோர் நாளிதழைப் பின்பற்ற வேண்டிய தேவையில்லை. ஆயினும் இதழ் தனக்கென நடைவிதி ஒன்றைத் தந்திருந்தால் அதன்படியே எழுதலாம்; ஐயம் தோன்றும் இடங்களில் பெயர்களின் வரிசையை மாற்றி, இளம்பூரணரை முதலிலும் ஆசிரியர்களை இறுதியிலும் வைத்தால் எந்த விதிக்கும் முரண்படாமல் பொருள் தெளிவாகும்.