சொகுசுப் படகு வாங்க கோடிகள் இருந்தால் போதுமா? கோவைக்காரர்கள் கேட்க வேண்டிய 5 கேள்விகள்

வேகமும் பளபளப்பும் எல்லா கம்பெனி படகிலும் இருக்கு. பிறகு எதை வைத்துத் தேர்வு செய்வது? படகே வாங்காதவர்களும் தெரிந்துகொள்ள வேண்டிய விவரங்கள் இதோ.

கொங்கு மண்டலத்தில் வண்டி வாங்கப் போனால் முதல் கேள்வி இதுதான்: "லிட்டருக்கு எத்தனைங்க கொடுக்கும்?" அதே கேள்வியை ஸ்போர்ட்ஸ் க்ரூஸர் படகு விற்பவரிடம் கேட்டால் தலை சுற்றிவிடும். 300 எச்பி டீசல் இன்ஜின் இரண்டு பொருத்திய படகு, முழு வேகத்தில் மணிக்கு சுமார் 120 லிட்டர் குடிக்கும். 30 நாட் வேகம் என்றால் மணிக்கு 55 கிலோமீட்டர். அதாவது லிட்டருக்கு அரை கிலோமீட்டர்கூட வராது!

ஸ்போர்ட்ஸ் க்ரூஸர்னா என்ன?

வேகப் படகின் ஓட்டமும் சின்ன வீட்டின் வசதியும் சேர்ந்ததுதான் ஸ்போர்ட்ஸ் க்ரூஸர். மேலே திறந்த இருக்கைகள். கீழே படுக்கை, சமையல் மேடை, கழிப்பறை. பிரிட்டனின் சன்சீக்கர், பிரின்சஸ், ஃபேர்லைன், ஜெர்மனியின் பவாரியா, அமெரிக்காவின் சீ ரே என இதில் போட்டி அதிகம். கையேடுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும். வித்தியாசம் தண்ணீருக்கு அடியிலும் இன்ஜின் அறையிலும் இருக்கிறது.

கேள்வி 1: எந்தத் தண்ணீரில் ஓட்டப் போறீங்க?

பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று: 2016-ம் ஆண்டு தேசிய நீர்வழிச் சட்டப்படி நம்ம பவானி ஆறும் ஒரு தேசிய நீர்வழி. எண் 20. ஆனால் இந்த வகைப் படகை அங்கே இறக்க முடியாது. பாறையும் தடுப்பணையும் வழிமறிக்கும். பவானிசாகர், ஆழியாறு, அமராவதி அணைகள் பாசனத்துக்கானவை. கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் திறந்தால் பவானிசாகரின் நீர்மட்டம் இறங்கிக்கொண்டே போகும். வாலாங்குளத்தில் படகு சவாரி உண்டு, ஆனால் அது சின்னப் படகுகளுக்கான இடம்.

அப்போ கோவைக்காரருக்குப் பக்கத்தில் இருக்கும் வழி? சுமார் 190 கிலோமீட்டர் தள்ளி கொச்சி. அங்கே போல்காட்டியில் கேரள சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் மெரினா இருக்கிறது. காயலில் மட்டும் ஓட்டுவதா, அரபிக்கடலுக்குள் போவதா என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். தென்மேற்குப் பருவமழை மாதங்களில் கடல் கொந்தளிப்பாக இருக்கும் என்பதையும் கணக்கில் எடுக்கணும்.

ஐரோப்பியப் படகுகளில் ஏ, பி, சி, டி என்று ஒரு வகைப்பாடு இருக்கும். டி என்றால் அமைதியான உள்நாட்டு நீர். சி கரையோரம், 2 மீட்டர் அலை வரை. பி கரையைத் தாண்டிய கடல், 4 மீட்டர் அலை வரை. ஏ அதற்கும் மேல். விலையைப் பார்ப்பதற்கு முன்னால் இந்த எழுத்தைப் பாருங்க.

கேள்வி 2: அடிப்பாகம் எப்படி?

படகின் அடிப்பாகம் 'வி' வடிவத்தில் இருக்கும். பின்பக்கத்தில் இந்தக் கோணம் 20 டிகிரிக்கு மேல் இருந்தால் அலையை வெட்டிக்கொண்டு போகும், குலுக்கல் குறையும். ஆனால் அதிக சக்தி வேண்டும், நிறுத்தியிருக்கும்போது அதிகமாக ஆடும். கோணம் குறைந்து தட்டையாக இருந்தால் எரிபொருள் மிச்சம், நிற்கும்போது ஆட்டமும் குறைவு. ஆனால் அலை வந்தால் 'டமால் டமால்' என்று அறையும். காயலுக்குத் தட்டை, கடலுக்கு ஆழமான 'வி' என்பது பொதுவான கணக்கு.

கேள்வி 3: எந்த டிரைவ்?

போட்டிப் படகுகளைப் பிரித்துக் காட்டும் முக்கியமான இடம் இதுதான்.

ஸ்டெர்ன் டிரைவ்: இன்ஜின் உள்ளே, புரொப்பெல்லர் கால் வெளியே. வேகம் அதிகம், ஆழம் குறைந்த இடத்தில் காலைத் தூக்கிக்கொள்ளலாம். ஆனால் அந்தக் கால் எப்போதும் உப்புத் தண்ணீரில் கிடக்கும், அரிக்கும். இணைப்பில் உள்ள ரப்பர் உறை கிழிந்தால் தண்ணீர் உள்ளே வந்து, நிறுத்தி வைத்த படகே மூழ்கலாம்.

ஷாஃப்ட் டிரைவ்: பழைய முறை. வேகம் கொஞ்சம் குறைவு, ஆனால் எளிமையான அமைப்பு. பராமரிப்பும் குறைவு.

பாட் டிரைவ்: வோல்வோ பென்டா 2005-ல் கொண்டுவந்த ஐபிஎஸ் இந்த வகை. ஜாய்ஸ்டிக்கால் படகைப் பக்கவாட்டில்கூட நகர்த்தலாம். எரிபொருள் மிச்சம். பழுதானால் செலவு பெரிசு.

பம்புசெட்டுக்குப் பெயர் போன கோவைக்கு இன்னொன்று சட்டென்று புரியும். இன்ஜினைக் குளிர்விக்க வெளித் தண்ணீரை இழுக்கும் பம்பில் ஒரு ரப்பர் இம்பெல்லர் இருக்கும். தண்ணீர் இல்லாமல் ஓடினால் கொஞ்ச நேரத்திலேயே கருகிவிடும். சின்ன உதிரிபாகம்தான், ஆனால் நடுக்கடலில் இன்ஜின் நிற்க அது போதும். அதனால் உதிரிபாகமும் மெக்கானிக்கும் கொச்சியிலேயே கிடைக்கிற இன்ஜினாகப் பார்ப்பது நல்லது.

கேள்வி 4: பெட்ரோலா, டீசலா?

பெட்ரோல் இன்ஜின் விலை குறைவு, எடை குறைவு. ஆனால் பெட்ரோல் ஆவி காற்றைவிட கனமானது. கசிந்தால் படகின் அடியில் தேங்கி நிற்கும், ஒரு பொறி பட்டால் வெடிக்கும். அதனால்தான் ஸ்டார்ட் செய்வதற்கு முன் சுமார் 4 நிமிடம் புளோயரை ஓட்டி ஆவியை வெளியேற்றச் சொல்கிறார்கள். குடும்பத்தோடு தங்கும் படகுக்கு டீசலைப் பலர் விரும்புவதற்கு இது முக்கியக் காரணம்.

கேள்வி 5: விலைக்கு மேல் எவ்வளவு?

2025 செப்டம்பர் 22 முதல் உல்லாசப் படகுகளுக்கு ஜிஎஸ்டி 40 சதவீதம். இறக்குமதி என்றால் சுங்க வரி தனி. மெரினா வாடகை, ஓட்டுநர் சம்பளம், அடிப்பாகத்துக்குப் பெயின்ட் எல்லாம் வருஷா வருஷம் வரும். காயல், ஆறு போன்ற உள்நாட்டு நீரில் ஓட்ட, 2021-ம் ஆண்டு உள்நாட்டுக் கலங்கள் சட்டப்படி பதிவு, தகுதிச் சான்று, காப்பீடு தேவை. பழைய படகு வாங்கினால் தனி சர்வேயரை வைத்துச் சோதித்து, தண்ணீரில் ஓட்டிப் பார்த்த பிறகே பணம் கொடுக்கணும்.

படகு வாங்காதவங்களுக்கு இதில் என்ன?

எந்தத் தண்ணீருக்கு எந்தப் படகு என்பதுதான் இந்த 5 கேள்விகளின் சாரம். அது தவறினால் என்ன ஆகும் என்பதற்குப் பக்கத்து மாநிலத்தில் உதாரணங்கள் உண்டு. 2009 செப்டம்பர் 30-ல் தேக்கடியில் 'ஜலகன்யகா' படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். 2023 மே 7-ல் மலப்புரம் மாவட்டம் தானூரில் 22 பேர் இறந்தார்கள். தானூரில் கவிழ்ந்தது, மீன்பிடிப் படகைச் சுற்றுலாவுக்காக மாற்றியமைத்த படகு. அதில் அளவுக்கு மீறி ஆட்களையும் ஏற்றியிருந்தார்கள்.

கோடி ரூபாய் க்ரூஸராக இருந்தாலும், டிக்கெட் எடுத்து ஏறும் சவாரிப் படகாக இருந்தாலும் ஏறும் முன் மூன்று விஷயங்களைப் பாருங்க. எத்தனை பேர் ஏறலாம் என்று எழுதியிருக்கா? எல்லாருக்கும், குறிப்பாகக் குழந்தைகளுக்கு, அளவான லைஃப் ஜாக்கெட் இருக்கா? மேல்தளத்திலோ ஒரே பக்கத்திலோ கூட்டம் சேருதா? பதில் சரியில்லை என்றால் டிக்கெட் காசு போனால் போகட்டும், இறங்கிடுங்க.