திறக்காத கதவும் தெரிந்த முடிவும்

அச்சம் என்னும் மெய்ப்பாடு பிறக்கும் இடங்களாகத் தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்னும் நான்கினைச் சொல்கிறது. தெய்வம், பேய் முதலான புலப்படாத ஆற்றல்களை அணங்கு என்றும், ஆளும் அதிகாரத்தின் சினத்தை இறை என்றும் கொண்டால், இன்று உலகெங்கும் படிக்கப்படும் திகில் நாவல்கள் பெரும்பாலும் முதல் இரண்டிலிருந்தும், த்ரில்லர் எனப்படும் பரபரப்பு நாவல்கள் பெரும்பாலும் பின்னிரண்டிலிருந்தும் பிறக்கின்றன என்று கூறலாம். இவ்விரு வகைகளையும் வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடும் வழக்கம் விமர்சகர்களிடையே நெடுங்காலமாக இருந்துவருகிறது. அவற்றை விரும்பிப் படிப்பவர்களோ, நன்றாக எழுதப்பட்டது எது, வெறும் கூச்சல் எது என்று பிரித்துச் சொல்லத் தயங்குகின்றனர். இரண்டு போக்குகளுமே இந்த இலக்கியத்துக்கு நியாயம் செய்வதில்லை. வாசகரைக் காத்திருக்க வைப்பதே இந்நாவல்களின் அடிப்படைக் கலை. அந்தக் காத்திருப்பை ஆசிரியர் எவ்வளவு நேர்மையாகக் கையாள்கிறார் என்பதை வைத்தே அவற்றை மதிப்பிட வேண்டும்.

ஐரோப்பாவில் திகில் நாவலின் தொடக்கமாக, ஆங்கிலேயரான ஹொரேஸ் வால்போல் 1764இல் வெளியிட்ட 'ஒட்ராண்டோ கோட்டை' கருதப்படுகிறது. பாழடைந்த கோட்டை, நிலவறை, தலைமுறை கடந்து தொடரும் சாபம், துரத்தப்படும் இளம்பெண் ஆகியவற்றைக் கொண்டு பின்னர் பெருகிய கதைவகைக்குக் கோதிக் நாவல் என்று பெயர். அவ்வகையைப் பெரும் புகழுக்கு உயர்த்திய ஆன் ராட்கிளிஃப், அச்சத்தில் இரண்டு நிலைகள் உண்டு என்று வகுத்துக் காட்டினார். அவர் மறைந்த பிறகு, 1826இல் அச்சான கட்டுரையொன்றில் இந்தக் கருத்து விளக்கப்பட்டுள்ளது. வரப்போவது இன்னதென்று தெரியாத நிலையில் மனம் விரிந்து, புலன்கள் கூர்மையடைந்து எழும் நடுக்கம் ஒன்று. கொடூரம் கண்ணெதிரே வந்து நின்றதும் உள்ளம் சுருங்கி உறைந்துபோவது மற்றொன்று. இவற்றுள் முன்னதே இலக்கியத்துக்கு உயர்ந்தது என்பது அவருடைய முடிவு. தொல்காப்பியர் அச்சத்தையும் இளிவரலையும் தனித்தனி மெய்ப்பாடுகளாக வைத்திருப்பதை இங்கே நினைத்துப் பார்ப்பது பயனுடையது. சிதைந்த உடலையும் வழியும் குருதியையும் பக்கம் பக்கமாக விவரித்து வாசகரை முகம் சுளிக்க வைக்கும் நாவல்கள் எழுப்புவது பெரும்பாலும் அருவருப்பையே. அதை அச்சத்தின் கணக்கில் வரவு வைப்பது சரியல்ல.

ஆயினும் ராட்கிளிஃப் தம் கொள்கையைத் தம் நாவல்களில் முழுமையாகக் காப்பாற்றவில்லை. 1794இல் வெளிவந்த 'உடோல்ஃபோவின் மர்மங்கள்' என்னும் நாவலில், கதைத்தலைவி எமிலி ஒரு கறுப்புத் திரையை விலக்கி, அதன் பின்னால் உள்ளதைக் கண்டு மயங்கி விழுகிறாள். அவள் கண்டது என்ன என்பது வாசகருக்கு நெடுநேரம் சொல்லப்படுவதில்லை. கடைசியில் அது மெழுகாலான உருவம் மட்டுமே என்ற விளக்கம் வரும்போது, அதுவரை சேர்ந்திருந்த அச்சம் முழுவதும் சில வரிகளில் கரைந்துவிடுகிறது. மர்மத்துக்கு இறுதியில் பகுத்தறிவு விளக்கம் தந்தாக வேண்டும் என்ற அந்தக் கட்டாயம், இன்றைய திகில் நாவல்கள் பலவற்றையும் விடாமல் தொடர்கிறது.

விளக்கம் தராமலேயே நிறைவு தர முடியும் என்பதற்கு ஹென்றி ஜேம்ஸ் 1898இல் வெளியிட்ட 'திருகாணியின் முறுக்கு' என்று பெயர்க்கத்தக்க குறுநாவல் தலைசிறந்த சான்று. தனித்த ஒரு மாளிகையில் இரண்டு குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள வரும் ஆசிரியை, இறந்துபோன பணியாளர்கள் இருவரின் உருவங்களைக் காண்பதாகச் சொல்கிறாள். அவை குழந்தைகளைக் கவர்ந்துகொள்ள வந்திருப்பதாகவும் நம்புகிறாள். அவளைத் தவிர வேறு யாரும் அவற்றைக் கண்டதாக உறுதியான சான்று கதையில் இல்லை. அவை அவளுடைய மனம் கட்டியெழுப்பிய தோற்றங்களே என்று விமர்சகர் எட்மண்ட் வில்சன் 1934இல் எழுதிய பின்னர் வலுத்த வாதம் இன்னும் ஓயவில்லை. நடந்தது இயற்கைக்கு உட்பட்டதா, இயற்கையை மீறியதா என்று வாசகர் தீர்மானிக்க முடியாமல் ஊசலாடும் நிலையையே இவ்வகைக் கதைகளின் இலக்கணமாக இலக்கியக் கோட்பாட்டாளர் ஸ்வெதான் தொதொரோவ் 1970இல் வகுத்தார். தமிழில் புதுமைப்பித்தனின் 'காஞ்சனை' நிற்கும் இடமும் அந்த ஊசலாட்டமே. வீட்டுக்குள் வந்து சேர்ந்தவள் யார் என்ற கேள்விக்குக் கதை விடை சொல்லாமல் விடுவதால்தான், படித்துப் பல ஆண்டுகள் ஆன பிறகும் அது வாசகரின் நினைவைவிட்டு அகலுவதில்லை. மேரி ஷெல்லியின் 'ஃபிராங்கன்ஸ்டைன்' நாவலைப் 'பிரேத மனிதன்' என்ற பெயரில் தமிழுக்குக் கொண்டுவந்தவரும் அவரே என்பதால், இந்த மரபை அவர் வெளியே நின்று பார்த்தவர் அல்லர் என்பது தெளிவு.

இருபதாம் நூற்றாண்டின் திகில் நாவல்களுள் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்க வேண்டுமானால், அமெரிக்க எழுத்தாளர் ஷெர்லி ஜாக்சன் 1959இல் வெளியிட்ட 'ஹில் ஹவுஸ்' மாளிகை பற்றிய நாவலையே தேர்ந்தெடுக்க வேண்டும். ஆவிகள் இருப்பதை அறிவியல் முறைப்படி ஆராய விரும்பும் ஆய்வாளர் ஒருவரின் அழைப்பை ஏற்று அம்மாளிகைக்கு வருபவர்களுள் எலினார் என்பவள் 32 வயதுப் பெண். நோயுற்ற தாயைப் பதினோரு ஆண்டுகள் கவனித்துக்கொண்டதில் தன் இளமையைத் தொலைத்த அவளுக்கு, தாய் இறந்த பின்பு போய்ச் சேர ஓர் இடமில்லை. தாய் இறந்த இரவில் மருந்துக்காகச் சுவரைத் தட்டியதும், தான் எழுந்து போகாததும் அவளுடைய மனத்தை அரித்துக்கொண்டிருக்கின்றன. ஆகையால் அந்த மாளிகையில் நள்ளிரவில் கதவுகள் அதிரத் தட்டப்படும்போது, வாசகர் கேட்பது பேயின் ஓசையை மட்டுமன்று. அரைத்தூக்கத்தில் தாய் அழைப்பதாக எண்ணி எழும் ஒரு மகளின் குற்ற உணர்வையும் சேர்த்தே கேட்கிறார். கதவு திறப்பதில்லை, வெளியே நிற்பது எது என்பதை ஜாக்சன் காட்டுவதும் இல்லை. மற்றொரு காட்சியில், பக்கத்து அறையிலிருந்து வரும் குழந்தையின் அழுகுரலைக் கேட்டு நடுங்கும் எலினார், இருட்டில் தன் தோழியின் கையை இறுகப் பற்றிக்கொண்டிருக்கிறாள். விளக்கு எரிந்ததும் தோழி எட்டாத தொலைவில் இருக்கக் கண்டு, அதுவரை தான் பற்றியிருந்தது யாருடைய கை என்று திகைக்கிறாள். ஒரு துளிக் குருதியும் சிந்தாத இக்காட்சிக்கு இணையாக அச்சமூட்டும் பக்கங்கள் இவ்வகை இலக்கியத்தில் மிகக் குறைவு. தன்னை வேண்டுமென்று கேட்கும் முதல் வீடு அதுவே என்று எலினார் எண்ணத் தொடங்குவது, பேயைக் காட்டிலும் கொடிய உண்மையாக வாசகரைத் தாக்குகிறது.

ஸ்டீபன் கிங்கைப் பற்றிப் பேசாமல் திகில் நாவல்களைப் பற்றிப் பேச இயலாது. 1974இல் 'கேரி' நாவலுடன் தொடங்கிய அவர், இத்துறையின் இலக்கணத்தை 1981இல் எழுதிய 'டான்ஸ் மக்காப்ர்' என்னும் நூலில் வெளிப்படையாக ஆராய்ந்திருக்கிறார். மூடிய கதவுக்குப் பின்னால் இருக்கும் ஒன்று எவ்வளவு பயங்கரமானதாயினும், கதவு திறந்து அது பத்தடிப் பூச்சி என்று தெரிந்ததும், நூறடிப் பூச்சியாக இல்லையே என்ற ஆறுதல் வாசகருக்கு வந்துவிடும் என்ற சிக்கலை அவர் அங்கே எடுத்துரைக்கிறார். ஆயினும், திறக்காமலே இருப்பதைவிட ஒருமுறையேனும் கதவைத் திறந்துவிடுவதே தம் வழி என்றும் ஒப்புக்கொள்கிறார். அந்தத் துணிவு போற்றத்தக்கதே என்றாலும், அதற்கு அவர் கொடுத்த விலையும் பெரிது. ஆயிரம் பக்கங்களைத் தாண்டும் 'இட்' (1986) நாவலில், சிறுவர்களின் நட்பையும் ஒரு சிற்றூர் தன் கொடுமைகளைக் கண்டும் காணாமல் இருக்கும் விதத்தையும் எழுதிய பகுதிகள் ஒப்பற்றவை. ஆனால் எத்தனையோ உருவங்களில் தோன்றிய தீமை இறுதியில் ஒரு பெருஞ்சிலந்தியாக வந்து நிற்கும்போது, நாவல் தன் அளவிலேயே சுருங்கிவிடுகிறது. 1983இல் வெளிவந்த 'பெட் செமட்டரி' அதனினும் சிறந்த படைப்பு. புதைக்கப்பட்டவை மாறிய இயல்போடு திரும்பிவரும் ஓரிடத்தைப் பற்றி அறிந்த தந்தை, சிறு மகனை விபத்தில் இழந்த பின் என்ன செய்வார் என்பது வாசகருக்கு முன்பே தெரிந்துவிடுகிறது. வேண்டாம் என்று மனம் பதற, அவருடைய துக்கத்தின் நியாயமும் புரிய, தடுக்க முடியாமல் பக்கங்களைப் புரட்டிச் செல்லும் அந்த நிலையே அந்நாவலின் அச்சம்.

பரபரப்பு நாவலின் இயக்கமும் இதிலேயே அடங்கியிருக்கிறது. திரைப்பட இயக்குநர் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக், பிரான்சுவா த்ரூஃபோவுடன் நிகழ்த்திய நீண்ட உரையாடலில், வியப்புக்கும் சஸ்பென்ஸ் எனப்படும் தவிப்புக்கும் உள்ள வேறுபாட்டை விளக்கினார். மேசைக்கு அடியில் இருக்கும் வெடிகுண்டு பார்வையாளருக்கும் தெரியாமல் வெடித்தால் கிடைப்பது சில நொடி அதிர்ச்சி. குண்டு இருப்பதும் அது வெடிக்கப்போகும் நேரமும் பார்வையாளருக்கு மட்டும் தெரிந்து, மேசையைச் சுற்றி அமர்ந்தவர்கள் சாதாரணமாகப் பேசிக்கொண்டிருந்தால், அந்தப் பேச்சின் ஒவ்வொரு சொல்லும் பல நிமிடத் தவிப்பாகிவிடும்.

இக்கருத்துக்கு நாவலில் கிடைத்த மிகத் துணிச்சலான சான்று, ஃபிரடெரிக் ஃபோர்சைத் 1971இல் வெளியிட்ட 'தி டே ஆஃப் தி ஜாக்கால்'. அல்ஜீரியாவுக்கு விடுதலை அளித்ததற்காகப் பிரெஞ்சு அதிபர் சார்ல்ஸ் டி கோலைக் கொல்ல முனைந்த ஒரு தலைமறைவு இயக்கம், வெளிநாட்டுக் கொலையாளி ஒருவனை அமர்த்துவதாகக் கதை. 1962 ஆகஸ்ட் 22 அன்று பாரிஸ் அருகே டி கோலின் கார்மீது உண்மையாகவே நடந்த துப்பாக்கித் தாக்குதலையும், அதற்காக 1963இல் நிறைவேற்றப்பட்ட மரண தண்டனையையும் அடித்தளமாகக் கொண்டு அது எழுதப்பட்டது. டி கோல் 1970 நவம்பரில் இயற்கையாக இறந்தவர். எனவே கொலை முயற்சி தோற்கும் என்பது நாவலைத் திறக்கும் முன்பே அனைவருக்கும் தெரியும். அதைக் காரணம் காட்டியே பதிப்பகங்கள் சில அதை மறுத்தன. ஆனால் ஃபோர்சைத், கொலை நடக்குமா என்ற கேள்வியைக் கைவிட்டு, எப்படி நடக்க இருந்தது என்ற கேள்வியை எடுத்துக்கொண்டார். இறந்த குழந்தையின் பெயரில் கடவுச்சீட்டு பெறுவதும், பிரித்து மறைத்து எடுத்துச் செல்லத்தக்க துப்பாக்கியைச் செய்யச் சொல்வதும் ஒரு செய்தியாளருக்குரிய வறண்ட துல்லியத்துடன் விவரிக்கப்படுகின்றன. மறுபுறம், பெயர்கூடத் தெரியாத ஒருவனைக் கோப்புகளையும் தொலைபேசியையும் மட்டும் கொண்டு தேடும் காவல் அதிகாரி லெபெல், பகட்டில்லாத பொறுமையினால் அவனை நெருங்குகிறார். இருவருக்கும் இடையிலான தொலைவு குறைந்துகொண்டே வருவதுதான் நாவலின் விசை.

இதற்கு நேர்மாறாக, கடைசிப் பக்கத் திருப்பத்தை மட்டும் நம்பும் த்ரில்லர்கள் இப்போது பெருகிவிட்டன. திருப்பம் என்பது குற்றமன்று. அதற்கு முந்தைய முந்நூறு பக்கங்கள் அதை மறைப்பதைத் தவிர வேறு எதையும் செய்யாதபோதுதான் அது குறையாகிறது. கில்லியன் ஃபிளின் 'கான் கேர்ள்' (2012) நாவலில் திருப்பத்தைக் கதையின் நடுவிலேயே வைத்து, உண்மை தெரிந்த பின்னர் அந்தக் கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் என்ன செய்வார்கள் என்ற தவிப்பில் பிற்பாதியை நடத்தியது அறிவார்ந்த முடிவு. தமிழில் வார இதழ்த் தொடர்கதையும் மாத நாவலும் வளர்த்த வழக்கமோ அத்தியாயத்தின் கடைசி வரியில் வாசகரை நிறுத்தி வைப்பது. ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகர், சுபா, இந்திரா சௌந்தர்ராஜன் ஆகியோர் இந்த நுட்பத்தால் பல்லாயிரம் பேரைப் புத்தகம் வாங்கும் பழக்கத்துக்குக் கொண்டுவந்தனர் என்பதைச் சிறிய சாதனையாகக் கருதக் கூடாது. ஆனால் அத்தியாய இறுதியில் எழுப்பிய அதிர்ச்சியை அடுத்த அத்தியாயத்தின் தொடக்கத்திலேயே ஒன்றுமில்லை என்று தள்ளிவிடும் பழக்கமும் அந்த அவசரத்தில் வேரூன்றிவிட்டது. சுஜாதாவின் 'கொலையுதிர் காலம்' இதில் தனித்து நிற்கிறது. கண்டது பேயா, அறிவியல் வித்தையா என்று வழக்கறிஞர்களான கணேஷும் வசந்தும் நடத்தும் விவாதமே அங்கு கதையின் தவிப்பாகிறது.

இவ்வகை நாவல்கள்மீது வைக்க வேண்டிய கடுமையான புகார் அறம் சார்ந்தது. ஓர் இளம்பெண்ணின் உடலை முதல் அத்தியாயத்தில் கிடத்திவிட்டு, அவள் யார், எதை விரும்பினாள் என்பதைப் பற்றி அக்கறை காட்டாமல், கொலைகாரனின் மூளையை வியந்து செல்லும் கதைகள் எண்ணற்றவை. தாமஸ் ஹாரிஸின் 'தி சைலன்ஸ் ஆஃப் தி லாம்ஸ்' (1988), கடத்தப்பட்ட பெண்ணுக்கு அச்சமும் அறிவும் போராட்டமும் கொடுத்ததால் அக்குறையிலிருந்து பெரிதும் தப்பியது. அதே ஹாரிஸ், காரணம் கூறப்படாததாலேயே அச்சமூட்டிய கொலைகாரன் ஹானிபல் லெக்டருக்கு, 2006இல் வெளிவந்த நாவலில் போர்க்காலத் துயரம் நிறைந்த குழந்தைப் பருவத்தைக் கற்பித்து, ராட்கிளிஃபின் மெழுகு உருவத்துக்கு நிகரான ஏமாற்றத்தை அளித்தார்.

கொலையாளியின் உள்ளத்துக்குள் வாசகரைக் கொண்டுபோவதில் பட்ரீசியா ஹைஸ்மித் அளவுக்கு நேர்மையாக இருந்தவர்கள் குறைவு. 1955இல் வெளிவந்த 'தி டாலண்டட் மிஸ்டர் ரிப்ளி'யில் டாம் ரிப்ளியை அவர் மேதையாகவும் காட்டவில்லை, அரக்கனாகவும் காட்டவில்லை. பிறருடைய வாழ்வைப் பார்த்து ஏங்கும், அவமானத்துக்கு அஞ்சும் இளைஞனாகவே காட்டுகிறார். அவன் நண்பனைக் கொன்று அவனுடைய பெயரிலேயே வாழத் தொடங்கிய பின், காவலர் கதவைத் தட்டும்போதெல்லாம் அவன் அகப்பட்டுவிடக் கூடாதே என்று தாமே பதறுவதை வாசகர் திடுக்கிட்டு உணர்கிறார். அந்த நாவலின் இறுதியிலும் அவன் அகப்படவில்லை. 1991 வரை ஹைஸ்மித் அவனைப் பற்றி எழுதிய மற்ற நான்கு நாவல்களிலும் அவனுக்குத் தண்டனை வழங்கவில்லை.