மூளையின் நடுவே இறங்கும் உணவு

தூத்துக்குடியிலும் ராமேஸ்வரத்திலும் வலையில் ஏறும் ஊசிக் கணவாய், இப்போதெல்லாம் ஐஸ் பெட்டியில் பயணித்து அதியமான்கோட்டை போன்ற கடல் காணாத ஊர்களின் அடுப்புக்கும் வந்துவிடுகிறது. அதைச் சுத்தம் செய்கிறவர்கள் முதலில் தலையைப் பிடித்து இழுப்பார்கள். குடலும் மைப்பையும் கூடவே வரும். பிறகு உடலுக்குள்ளிருந்து ஒளி ஊடுருவும் மெல்லிய தகடு ஒன்றை உருவி எடுப்பார்கள். கரங்களின் நடுவே அழுத்தினால் கறுத்த அலகு பிதுங்கி வெளியே வரும். ஆழ்கடலில் வாழும் ராட்சதக் கணவாயின் உடலும் இதே அமைப்புதான்.

அளவுதான் மலைக்க வைக்கிறது. 1857இல் டென்மார்க் விஞ்ஞானி ஜபெட்டஸ் ஸ்டீன்ஸ்ட்ரப் இதற்கு ஆர்க்கிட்யூத்திஸ் என்று பெயரிட்டார். பெண் கணவாய் 12 மீட்டருக்கு மேலும் வளரும். அந்த நீளத்தில் பெரும்பகுதி, இரை பிடிப்பதற்கென்றே உள்ள இரண்டு நீண்ட உணர்கொம்புகளுக்குச் சொந்தம். உடல் மட்டும் இரண்டு மீட்டரைச் சுற்றித்தான் இருக்கும். இவை தவிர எட்டுக் கரங்கள். கரங்களில் வரிசை வரிசையாக உறிஞ்சிகள், ஒவ்வொன்றின் விளிம்பிலும் பல் வைத்த வளையம். வழுக்கும் மீன்கூட இதில் சிக்கினால் தப்புவது கடினம்.

இரத்தம் நீல நிறம்; நம் இரத்தத்தில் இரும்பு செய்யும் வேலையை இதில் தாமிரம் செய்கிறது. இதயங்கள் மூன்று. இரண்டு செவுள்களுக்கு இரத்தத்தைத் தள்ளுகின்றன, மூன்றாவது உடல் முழுவதற்கும். தசையில் அம்மோனியம் குளோரைடு நிறைந்திருப்பதால் சிரமமின்றி நீரில் மிதக்கிறது. அதே காரணத்தால் இதன் இறைச்சி கசக்கும், சமையலுக்கு உதவாது.

எல்லாவற்றையும் விட வியப்பானது இதன் தொண்டை. கணவாயின் மூளை மெதுவடை வடிவில் இருக்கிறது. நடுவிலுள்ள துளை வழியாகத்தான் உணவுக்குழாய் செல்கிறது. பெரிய துண்டாக விழுங்கினால் மூளைக்கே கேடு. ஆகவே அலகு இரையைச் சிறுசிறு துண்டுகளாக வெட்டுகிறது. வாய்க்குள் இருக்கும் பல் பதித்த நாக்கு அதை மேலும் அரைத்து உள்ளே தள்ளுகிறது. இவ்வளவு பெரிய பிராணி, கூழாக்கித்தான் சாப்பிட்டாக வேண்டும்.

இதனால் ஆய்வாளர்களுக்குத்தான் பாடு. கரை ஒதுங்கிய கணவாயின் வயிற்றைத் திறந்தால் அடையாளம் தெரியாத கூழே மிஞ்சும். டாஸ்மேனியாவுக்கு அருகே கிடைத்த ஓர் ஆண் கணவாயின் வயிற்றில் இருந்ததை டி.என்.ஏ. சோதனைக்கு உட்படுத்தி, 2005இல் முடிவை வெளியிட்டார்கள். அதில் நீலக் கிரெனேடியர் என்னும் ஆழ்கடல் மீன் இருந்தது. கூடவே இன்னொரு ராட்சதக் கணவாயின் சதையும் இருந்தது! ஆழ்கடல் மீன்களும் பிற கணவாய்களும்தான் இதன் முக்கிய உணவு; தன் இனத்தையும் அது விட்டுவைப்பதில்லை.

அது இரையை எப்படிப் பிடிக்கிறது? உணர்கொம்புகளைத் தொங்கவிட்டுக்கொண்டு மந்தமாக மிதந்து காத்திருக்கும் என்றே பலர் நினைத்திருந்தார்கள். 2004 செப்டம்பரில் ஜப்பானின் ஒகசவாரா தீவுகளுக்கு அருகே, சுமார் 900 மீட்டர் ஆழத்தில் சுனேமி குபோடெராவும் கியோய்ச்சி மோரியும் இறக்கிய கேமரா அந்த எண்ணத்தை மாற்றியது. தூண்டில் இரையை நோக்கிக் கணவாய் வேகமாகப் பாய்ந்தது. கொம்பு கொக்கியில் மாட்டி, நான்கு மணி நேரத்துக்கு மேல் போராடி, அதை அறுத்துக்கொண்டு தப்பியது. மேலே வந்த துண்டு மட்டும் ஐந்தரை மீட்டர். 2019இல் மெக்சிகோ வளைகுடாவில் எடித் விட்டரின் குழு, ஜெல்லிமீனைப் போல ஒளிரும் கருவியை இறக்கியபோது 759 மீட்டர் ஆழத்தில் இன்னொன்று வந்து அதைத் தாக்கியது. பார்த்து, தொடர்ந்து, பாய்ந்து பிடிக்கும் வேட்டைக்காரன் இது.

பார்ப்பதற்கு ஏற்ற கண்ணும் உண்டு. குறுக்களவு 27 சென்டிமீட்டர் வரை. மனிதக் கண் இரண்டரை சென்டிமீட்டரைத் தொடுவதில்லை. சிறிய இரையைக் காண இவ்வளவு பெரிய கண் தேவையில்லை என்கிறது ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டான்-எரிக் நில்சன் குழு 2012இல் வெளியிட்ட ஆய்வு. கணவாயை வேட்டையாடும் எண்ணெய்த் திமிங்கலம் நீந்தி வரும்போது அதன் உடல் பட்டு நுண்ணுயிர்கள் ஒளிரும். அந்த மங்கலான ஒளியை நூறு மீட்டருக்கு அப்பாலிருந்தே கண்டுகொள்ளத்தான் இந்தக் கண் என்பது அவர்களின் கணிப்பு.

எண்ணெய்த் திமிங்கலங்கள் நமக்கு அந்நியமல்ல. இலங்கையின் திருகோணமலை, கற்பிட்டிக் கடல்களில் அவற்றைக் கூட்டமாகக் காணலாம். கணவாய்தான் அவற்றின் பிரதான உணவு. சதை செரித்துவிடும், அலகு செரிக்காது. அப்படித் தேங்கும் அலகுகளைச் சுற்றித் திமிங்கலத்தின் குடலில் உருவாவதாகக் கருதப்படுவதே அம்பர்கிரிஸ். தமிழகக் கடலோரத்தில் அதைக் கடத்துகிறவர்கள் அடிக்கடி பிடிபடுகிறார்கள்; 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை விற்பது குற்றம். பறிமுதலாகும் கட்டிகளில் அலகுகள் பதிந்திருந்தால் அவை கடல் ஆய்வாளர்களின் மேசைக்குப் போக வேண்டும். கீழ் அலகின் வடிவத்தைக் கொண்டு கணவாயின் இனத்தையும், நீளத்தை அளந்து அதன் உடலளவையும் கணிக்கும் முறை அவர்களிடம் இருக்கிறது.