வெள்ளைக் கோட்டின் ஓரத்தில் சிவப்பு

பழைய கண்ணாடிக் குழாய்த் திரையில் தமிழ் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து. ஒரு பக்கம் மெல்லிய சிவப்பு, மறுபக்கம் நீலம். மெய்யெழுத்தின் புள்ளி இரண்டாகத் தெரியும். எழுத்துருவில்தான் கோளாறு என்று ஓர் இரவு முழுக்க எழுத்துருக்களை மாற்றிக்கொண்டிருந்தவன் நான். கோளாறு திரையில் இருந்தது.

1897இல் ஃபெர்டினாண்ட் ப்ரவுன் செய்த குழாயில் கற்றை ஒன்றுதான். வண்ணம் வந்தபோது கற்றைகள் மூன்றாயின, வம்பும் வந்தது. சிவப்பு, பச்சை, நீலத்துக்கான மூன்று எலெக்ட்ரான் கற்றைகளும் திரைக்குச் சற்றுப் பின்னாலுள்ள துளைத்தகட்டில் ஒரே இடத்தில் சந்திக்க வேண்டும். சந்தித்தால் நம் கண்ணுக்கு வெள்ளை. பிசகினால் மூன்று நிறக் கோடுகள். இந்தச் சந்திப்புக்குத்தான் கன்வெர்ஜென்ஸ் என்று பெயர்.

பழைய விளையாட்டுகளுக்காக இன்றும் இத்திரைகளைப் பாதுகாப்பவர்கள் உண்டு. அவர்களுக்கான சோதனை எளிது. திரையை அரைமணி நேரம் சூடேற விடுங்கள். ஒலிபெருக்கிகளைத் தள்ளி வையுங்கள். மெனுவில் டிகாஸ் இருந்தால் ஒருமுறை அழுத்துங்கள். தகட்டில் ஏறிய காந்தம் நீங்கும். பிறகு கறுப்பில் மெல்லிய வெள்ளைக் கட்டங்கள் வரைந்து, முதலில் நடுவையும் பிறகு மூலைகளையும் பாருங்கள். நிற்கும் கோட்டின் இருபக்கமும் நிறம் பிரிந்தால் கிடைமட்டப் பிசகு. படுத்த கோட்டின் மேலும் கீழும் பிரிந்தால் செங்குத்துப் பிசகு.

எழுத்தை வைத்துச் சோதிக்காதீர்கள். 2001இல் விண்டோஸ் எக்ஸ்பியுடன் வந்த கிளியர்டைப், எழுத்தோரங்களில் தானே நிறம் சேர்க்கும். திரை மீது வீண்பழி விழும்.

மெனுவில் இரு திசைகளுக்கும் கன்வெர்ஜென்ஸ் இருந்தால் ஒவ்வொரு படியாக நகர்த்துங்கள். பெரும்பாலான குழாய்களில் பச்சை நடுவில் நிற்கும். சிவப்பும் நீலமும்தான் அதை நோக்கி வரவேண்டும். மூலையைத் திருத்தப்போய் நடு கெட்டால், மூலையை விட்டுவிடுங்கள். நாம் படிப்பது நடுவில்தான்.

மெனுவில் அடங்காத பிசகுக்கு, குழாயின் கழுத்திலுள்ள காந்த வளையங்களைத் திருப்ப வேண்டும். அதற்குப் பெட்டியைத் திறக்காதீர்கள். வண்ணக் குழாயில் 20,000 வோல்ட்டுக்கு மேல் ஓடும். மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் மின்னூட்டம் தங்கியிருக்கலாம். அது பழகிய தொழில்நுட்பரின் வேலை. ஓரத்தில் கொஞ்சம் சிவப்பு இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.